ஆண் உடையில் வயோலா, மஞ்சள் காலுறையில் மால்வோலியோ: மறுமலர்ச்சிக் கால நகைச்சுவையில் மாறுவேடமும் மடமையும்

2017இல் லண்டன் நேஷனல் தியேட்டர் ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தை மேடையேற்றியபோது, மால்வோலியோ என்ற காரியஸ்தரை மால்வோலியா என்ற பெண்ணாக மாற்றியது. டாம்சின் கிரெய்க் அந்த வேடத்தில் நடித்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2012இல், அதே ஊரின் குளோப் அரங்கம் இதே நாடகத்தை ஆண்களை மட்டுமே வைத்துப் போட்டது. சீமாட்டி ஒலிவியாவாக வந்தவர் மார்க் ரைலன்ஸ்.

இப்படி ஒரு தயாரிப்பு வரும்போதெல்லாம் பார்வையாளர்களிடம் இரண்டு குழப்பங்கள் எழுகின்றன. ஒன்று: இன்றைய பாலின விவாதத்தை 400 வருடப் பழைய நாடகத்தில் திணிக்கிறார்களா? இரண்டு: ஒரு பெண் கால்சட்டை மாட்டிக்கொண்டு வந்தால் அவள் பெண் என்று யாருக்குமே தெரியாதா, இதை அந்தக் காலத்து மக்கள் எப்படி நம்பினார்கள்? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் துணிமணி என்னவாக இருந்தது என்று பார்த்தால் போதும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கப்பல் உடைந்து, வயோலா என்ற பெண் இல்லிரியா நாட்டுக் கரையில் ஒதுங்குகிறாள். இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் மூழ்கிவிட்டான் என்று நினைக்கிறாள். ஆண் உடை போட்டு, செசாரியோ என்ற பெயரில் ஆர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். பிரபுவுக்கு ஒலிவியா மேல் காதல். தூது போக செசாரியோவை அனுப்புகிறார். வயோலாவுக்கோ பிரபு மேல் காதல். தூது வந்த 'பையன்' மேலேயே ஒலிவியாவுக்குக் காதல் வந்துவிடுகிறது. அப்புறம் செபாஸ்டியன் உயிரோடு வந்து சேர்கிறான். அவனைச் செசாரியோ என்று எண்ணி ஒலிவியா கல்யாணம் செய்துகொள்கிறாள். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை ஓடுகிறது. ஒலிவியா வீட்டுக் காரியஸ்தர் மால்வோலியோவை, குடிகார உறவினர் சர் டோபியும் பணிப்பெண் மரியாவும் ஒரு பொய்க் கடிதம் எழுதி ஏமாற்றுகிறார்கள். சீமாட்டி தன்னைக் காதலிப்பதாக அவர் நம்பிவிடுகிறார்.

மேடையில் நின்றது யார்?

1660 வரை லண்டன் பொது அரங்குகளில் பெண் பாத்திரங்களை ஏற்றவர்கள் பையன்கள். பெண்கள் நடிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் போடவில்லை. வழக்கம் அப்படி இருந்தது. பையன்கள் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பயிற்சிக்குச் சேர்ந்து இருபது வயதுவரை பெண் வேடம் போட்டார்கள். ஷேக்ஸ்பியர் குழுவைச் சேர்ந்த ஜான் ஹெமிங்ஸ் லண்டன் மளிகை வணிகர் சங்கத்தில் உறுப்பினர். அதனால் அவரிடம் சேர்ந்த பையன்கள் காகிதத்தில் மளிகைத் தொழில் பழகுபவர்கள். வேலை மட்டும் மேடையில்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான காட்சி இல்லை. பாய்ஸ் கம்பெனிகளும் ஸ்திரீ பார்ட் போட்ட சிறுவர்களும் நம் நாடக வரலாற்றிலேயே உண்டு. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையிலும் பெண் வேடம் கட்டியவர்கள் ஆண்கள்தான். ஷேக்ஸ்பியரின் 'அஸ் யூ லைக் இட்' நாடகத்தை அவர் 'விரும்பிய விதமே' என்று தமிழில் தந்தார். அது மாறுவேட விளையாட்டை எல்லை வரை இழுத்துப் பார்த்த நாடகம். அதில் ஒரே உடலில் எத்தனை வேடம் என்று எண்ணிப் பார்க்கலாம்:

1. மேடையில் நிற்பவன் ஒரு பையன்.
2. அவன் ஏற்கும் பாத்திரம் ரோசலிண்ட், நாடு கடத்தப்பட்ட பிரபுவின் மகள்.
3. ரோசலிண்ட் காட்டில் போடும் வேடம் கானிமீட் என்ற இளைஞன்.
4. கானிமீட் காதலன் ஆர்லாண்டோவிடம், "என்னையே உன் ரோசலிண்ட் என்று நினைத்துக் காதலித்துப் பார், உன் காதல் நோயைக் குணப்படுத்துகிறேன்" என்று சொல்லி ரோசலிண்டாக நடிக்கிறான்.

நாலாவது படியில் வரும் ரோசலிண்ட்தான் உண்மையான ரோசலிண்ட். ஆனால் அவள் அதைப் பொய்யாகச் செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. நாடகம் முடிந்ததும் அதே நடிகன் முன்னால் வந்து, தான் பெண்ணாக இருந்தால் அரங்கில் பிடித்த தாடிக்காரர்களை எல்லாம் முத்தமிடுவேன் என்கிறான். அந்த 'இருந்தால்' முதல் படிக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

'எப்படி நம்பினார்கள்' என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைத்துவிடுகிறது. எதிரே நிற்பது பையன் என்பது பார்வையாளர் எல்லாருக்கும் தெரியும். கவுன் போட்டால் பெண், கால்சட்டை போட்டால் ஆண் என்பது அவர்களும் மேடையும் செய்துகொண்ட உடன்பாடு. உடையைப் படிக்கத் தெரிந்த கண்கள் அவை. ஷேக்ஸ்பியர் அந்த உடன்பாட்டைச் சீண்டியும் பார்க்கிறார். முதல் அங்கத்தில் ஆர்சினோ பிரபு செசாரியோவைப் பார்த்து, உன் உதடும் மெல்லிய குரலும் பெண்ணுடையவை போல இருக்கின்றன, எல்லாமே 'பெண் பார்ட்'டுக்குப் பொருந்துகின்றன என்கிறார். மூலத்தில் உள்ள சொல் நம் நாடகக்காரர்களின் 'ஸ்திரீ பார்ட்' என்பதேதான். பெண்ணாக நடிக்கும் பையன், பையனாக நடிக்கும்போது, நீ பெண் வேடத்துக்கு ஏற்றவன் என்று பிரபு சொல்லக் கேட்கிறான். பிரபு உண்மையைச் சொல்லிவிட்டார். சொன்னது அவருக்குத் தெரியவில்லை.

இரட்டையர் கதை வந்த வழி

வயோலாவை ஷேக்ஸ்பியர் சூனியத்திலிருந்து உண்டாக்கவில்லை. அவள் வந்த பாதை இது:

1. பழைய ரோமில் பிளாட்டஸ் எழுதிய 'மெனெக்மி': உருவம் ஒன்றாக உள்ள இரண்டு ஆண் இரட்டையர், ஆள்மாறாட்டக் குழப்பம். பாலினப் பிரச்சினை இதில் இல்லை.
2. 1513இல் இத்தாலியின் உர்பினோ அரண்மனையில் பிப்பியெனாவின் 'கலாந்திரியா' அரங்கேறியது. இவர் இரட்டையரில் ஒருவரைப் பெண்ணாக்கினார். சகோதரி ஆண் உடையில், சகோதரன் தேவைப்படும்போது பெண் உடையில்.
3. 1532இல் சியென்னா நகரின் இன்ட்ரோனாத்தி என்ற அறிஞர் கழகம் 'ஏமாற்றப்பட்டவர்கள்' என்ற நாடகத்தைத் திருவிழாக் காலத்தில் போட்டது.
4. இத்தாலிய நாடகத்தின் கதை உரைநடைக் கதையாகி, இத்தாலியக் கதாசிரியர் பண்டெல்லோ வழியாகவும் பிறர் வழியாகவும் கைமாறி, 1581இல் பார்னபி ரிச் எழுதிய ஆங்கிலக் கதையாக வந்து சேர்ந்தது.
5. சுமார் 1601இல் ஷேக்ஸ்பியர்.

இதில் மூன்றாவது படியில் கொஞ்சம் நிற்க வேண்டும். கதாநாயகி லேலியாவின் தந்தை 1527இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது சொத்தையும் மகனையும் இழந்தவர். ஐந்தே வருடம் முன்பு நடந்த பேரழிவு அது. பார்த்துச் சிரித்தவர்களுக்கு அதன் ஞாபகம் பச்சையாக இருந்திருக்கும். லேலியாவை ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். அவள் கன்னிமடத்திலிருந்து தப்பி, ஃபாபியோ என்ற பையனாக வேடமிட்டு, தான் காதலிக்கும் ஃபிளமினியோவிடமே பணியாளாகிறாள். பிறகு சூறையில் தொலைந்த சகோதரன் ஊருக்கு வருகிறான். அவனைப் பார்த்த பெரியவர்கள் ஆண் உடை போட்ட லேலியா என்று தீர்மானித்து, அந்தக் கிழவரின் மகள் அறையில் பூட்டிவைக்கிறார்கள். பெண்ணோடு பெண்ணைத்தானே பூட்டினோம், ஆபத்தில்லை என்பது அவர்கள் கணக்கு. நாடகப் பெயர் யாரைக் குறிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். வேடம் போடாமல் வந்தவனையே வேடக்காரி என்று நம்பியவர்கள்தான் ஏமாற்றப்பட்டவர்கள்.

ஆணும் பெண்ணுமான இரட்டையர் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க முடியாது. ஷேக்ஸ்பியருக்கு அது நன்றாகவே தெரியும். 1585இல் அவருக்கே ஹாம்னெட், ஜூடித் என்று ஆணும் பெண்ணுமாக இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஹாம்னெட் 1596இல், 11 வயதில் இறந்துவிட்டான். செத்துப்போனதாக நினைக்கும் சகோதரனைப் போலவே உடுத்திக்கொண்டு, கண்ணாடியில் அவனை உயிரோடு பார்க்கிறேன் என்று சொல்லும் வயோலாவை அவர் எழுதியது அதற்கு நாலைந்து வருடம் கழித்து. வயோலாவின் வேடம் வெறும் தந்திரம் என்று படிப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். அது அவளுடைய துக்க உடையும்கூட.

உடை என்பது சட்டம்

எலிசபெத் ராணியின் இங்கிலாந்தில் யார் எந்தத் துணி அணியலாம் என்பதற்கு அரச ஆணைகள் இருந்தன. 1574 ஆணை பட்டு, வெல்வெட், தங்கச் சரிகை என்று வகை பிரித்து, எந்தத் தகுதிக்காரருக்கு எது என்று பட்டியல் போட்டது. தெருவில் வருபவர் பிரபுவா வியாபாரியா வேலைக்காரரா என்பதை உடையை வைத்தே அறிய முடிய வேண்டும் என்பது நோக்கம். இந்தச் சட்டங்கள் 1604இல்தான் நீக்கப்பட்டன.

ஓர் இடத்தில் இது தினமும் மீறப்பட்டது: நாடக மேடையில். 1599இல் லண்டன் வந்த சுவிட்சர்லாந்துக்காரர் தாமஸ் பிளாட்டர் ஒரு விஷயத்தைக் குறித்துவைத்தார். பிரபுக்கள் சாகும்போது தங்கள் நல்ல உடைகளை வேலைக்காரர்களுக்கு விட்டுச்செல்கிறார்கள்; அவர்கள் அவற்றை அணிய முடியாததால் சொற்ப விலைக்கு நடிகர்களிடம் விற்றுவிடுகிறார்கள். அதாவது பிரபு வேடம் போட்ட நடிகர் ஒரு நிஜப் பிரபுவின் சட்டையிலேயே நின்றிருக்கலாம். நாடகக் குழுவின் சொத்தில் பெரும்பகுதி உடைதான். அரங்க உரிமையாளர் பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்கில், 1603இல் தாமஸ் ஹேவுட் எழுதிய ஒரு நாடகத்துக்குக் கொடுத்த தொகை 6 பவுண்டு. அதே நாடகத்தின் கதாநாயகிக்கு வாங்கிய கறுப்பு வெல்வெட் கவுன் அதைவிட விலை கூடுதல்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், மேடையில் உடை மாற்றுவது இரண்டு வேலிகளைத் தாண்டுகிறது. ஒன்று ஆண்–பெண் வேலி, இன்னொன்று மேல்–கீழ் வேலி. நாம் இன்று முதலாவதைப் பற்றியே பேசுகிறோம். அரச ஆணைகள் அதிகம் கவலைப்பட்டது இரண்டாவதைப் பற்றி.

எதிர்த்தவர்கள் சொன்னது

முதல் வேலியைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் மதத் தூய்மைவாதிகள். அவர்கள் வாதம் மூன்று படிகளில் செல்கிறது:

1. பைபிளின் உபாகமம் 22ஆம் அதிகாரம் 5ஆம் வசனம் ஆண் உடையைப் பெண்ணும் பெண் உடையை ஆணும் அணியக் கூடாது என்கிறது.
2. உடை என்பது கடவுள் தந்த அடையாளம். 1583இல் ஃபிலிப் ஸ்டப்ஸ் எழுதியபடி, எதிர்ப்பாலின் உடையை அணிபவர் தம் இயல்பின் உண்மையையே கலப்படம் செய்கிறார்.
3. ஆகவே பெண் உடையில் வரும் பையன் பார்வையாளரைக் கெடுப்பான், தானும் கெடுவான்.

ஆக்ஸ்ஃபோர்ட் அறிஞர் ஜான் ரெய்னால்ட்ஸ் 1599இல் இதை ஒரு நூலாகவே அச்சிட்டார். அவர் இளைஞராக இருந்தபோது, 1566இல், எலிசபெத் ராணி முன்னால் நடந்த நாடகத்தில் ஹிப்போலிட்டா என்ற ராணியாகப் பெண் வேடம் போட்டவர். அந்த அனுபவமே அவர் அச்சத்துக்குப் பலம் சேர்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வில்லியம் பிரின் என்ற வழக்கறிஞர் 1633இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதித் தீர்த்தார். நடிக்கும் பெண்களை வேசிகள் என்று அதன் பொருளடைவில் போட்டிருந்தார். அப்போது அரசி ஹென்ரியெட்டா மரியாவே அரண்மனை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். பிரினுக்கு 5,000 பவுண்டு அபராதம் விழுந்தது, காதுகள் அறுக்கப்பட்டன.

நாடகக்காரர்கள் தரப்பில் பதில் சொன்னவர் பென் ஜான்சன். 1614இல் அரங்கேறிய அவருடைய 'பார்த்தலோமியூ சந்தை' நாடகத்தில், பிஸி என்ற தூய்மைவாதி ஒரு பொம்மலாட்டப் பொம்மையோடு வாதாடுகிறான். ஆண் பெண் உடையும் பெண் ஆண் உடையும் போடுகிறீர்களே என்று குற்றம் சாட்டுகிறான். பொம்மை தன் துணியைத் தூக்கிக் காட்டுகிறது. உள்ளே ஒன்றும் இல்லை. பொம்மைக்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வாதத்தில் தோற்ற பிஸி உட்கார்ந்து மிச்ச ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்குகிறான்.

ஜான்சன் இதற்கு முன்பே, 1609ஐ ஒட்டி எழுதிய 'எபிசீன்' நாடகத்தில் பார்வையாளரையே சிக்கவைத்திருந்தார். வயோலா விஷயத்தில் ரகசியம் நமக்கு முதலிலேயே தெரியும். 'எபிசீன்' நாடகத்திலோ, சத்தம் என்றாலே ஆகாத கிழவர் மோரோஸ் அமைதியான பெண் என்று தேடிக் கட்டிய மணமகள் ஒரு பையன் என்பது கடைசியில் தலைமுடியைக் கழற்றும்போதுதான் வெளியே வருகிறது. எல்லாப் பெண் வேடமும் பையன்கள் போட்ட மேடையில் 'இவள் பையன்' என்பது எப்படி அதிர்ச்சியாக முடியும்? அதுதான் ஜான்சனின் கெட்டிக்காரத்தனம். மேடை உடன்பாட்டை நம்பி உட்கார்ந்திருந்தவர்களின் காலடியிலிருந்து அதே உடன்பாட்டை உருவிவிட்டார். பெண்கள் நடிக்க வந்த பிறகும் இந்த வேடத்தின் கவர்ச்சி போகவில்லை. 1661 ஜனவரியில் இதைப் பார்த்த சாமுவேல் பெப்பிஸ், எட்வர்ட் கைனஸ்டன் என்ற நடிகர் பெண்ணாக வந்தபோது அரங்கிலேயே மிக அழகான பெண், ஆணாக வந்தபோது அரங்கிலேயே மிக அழகான ஆண் என்று நாட்குறிப்பில் எழுதினார்.

உற்றுப் பார்த்தால் எதிர்த்தவர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் அடிப்படையில் ஒரே நம்பிக்கைதான். உடை ஆளை மாற்றும் என்பதை இருவருமே ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் அதைக் கண்டு நடுங்கினார், மற்றவர் அதைத் தொழிலாக்கினார்.

மடமை யாருடையது?

மடமை என்ற சொல்லை இங்கே வரையறுக்க வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'ஃபூல்' என்றால் மூன்று பேர்: பிறவியிலேயே புத்தி குறைந்தவர், பிழைப்புக்காகக் கோமாளியாக நடிப்பவர், தன்னை அறியாமல் மடத்தனம் செய்யும் சாதாரண மனிதர். நம் நாடக மேடையின் 'பபூன்' இரண்டாவது ஆள். அந்தச் சொல்லும் இத்தாலிய மூலத்திலிருந்து பல கை மாறி நம்மிடம் வந்ததே. நகைச்சுவை நாடகத்தின் வேலை மூன்றாவது ஆளைப் பிடித்துக் காட்டுவது.

1511இல் அச்சான, டச்சு அறிஞர் எராஸ்மஸின் 'மடமையின் புகழ்' இதற்குப் பாதை போட்டது. அதில் மடமை ஒரு பெண்ணாக மேடையேறித் தன்னைத்தானே புகழ்கிறாள். மேடையில் நடிப்பவர்களின் முகமூடியை ஒருவன் பிடுங்கினால் என்ன ஆகும் என்று கேட்கிறாள். பெண்ணாகத் தெரிந்தவர் ஆணாகிவிடுவார், அரசர் அடிமையாகிவிடுவார், ஆட்டமே கலைந்துவிடும், பிடுங்கியவனைப் பைத்தியம் என்று கல்லால் அடித்து விரட்டுவார்கள். வாழ்க்கையும் அப்படியொரு ஆட்டம்தான் என்பது அவள் கட்சி.

மடமையைப் பெண்ணாகப் பார்ப்பது எராஸ்மஸோடு நிற்பதில்லை. தமிழிலும் நாற்குணத்தில் ஒன்று மடம். 'பேதை' என்பது பெண்ணின் முதல் பருவத்துக்கும் பெயர், அறிவிலிக்கும் பெயர். மறுமலர்ச்சிக் கால நகைச்சுவை இந்த வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது என்பது அதன் பெரிய சாதனை. வேடம் போட்ட பெண் தான் யார் என்று தெளிவாக அறிந்திருக்கிறாள். சொந்த உடையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தத் தெளிவு இல்லை.

ஆர்சினோவைப் பாருங்கள். ஒலிவியாவை நேரில் சந்திக்கக்கூடப் போகாமல், இசை கேட்டுக்கொண்டு, காதலன் என்ற வேடத்தைக் காதலித்துக்கொண்டிருக்கிறார். ஒலிவியா செத்த சகோதரனுக்காக ஏழு வருடம் முகத்திரை போடுவேன் என்று சபதம் எடுத்திருக்கிறாள். அவளுக்கும் வீட்டுக் கோமாளி ஃபெஸ்டேக்கும் நடக்கும் பேச்சின் சாரம் இது:

"அம்மணி, எதற்கு இந்தத் துக்கம்?"

"என் சகோதரன் செத்ததற்கு."

"அவர் ஆன்மா நரகத்தில் இருக்கிறது போல."

"சொர்க்கத்தில் இருக்கிறது, மடையா."

"சொர்க்கத்தில் இருப்பவருக்காக அழுதால் அது இன்னும் பெரிய மடத்தனம். மடையரை இங்கிருந்து அழைத்துப் போங்கள்."

இதே காட்சியில் ஃபெஸ்டே ஒரு பழைய லத்தீன் பழமொழியைச் சொல்கிறான்: அங்கி போட்டதால் ஒருவன் துறவி ஆகிவிடுவதில்லை. தன் உடல்தான் கோமாளி உடை போட்டிருக்கிறது, மூளை போடவில்லை என்கிறான். 1599ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் குழுவில் சேர்ந்த ராபர்ட் ஆர்மின் என்ற நடிகரை மனத்தில் வைத்து எழுதிய பாத்திரம் இது என்பது பரவலான கருத்து. ஆர்மின் நிஜமான கோமாளிகளைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். நாடகத்தில் ஃபெஸ்டேயின் தொழில் நுட்பத்தை மதித்துப் பேசும் ஒரே ஆள் வயோலா. முட்டாளாக நடிக்க இவனுக்குப் போதிய புத்தி இருக்கிறது என்கிறாள். தினமும் வேடத்தில் வாழ்பவளுக்குத்தான் இன்னொரு வேடக்காரனின் உழைப்பு தெரியும்.

ஆனால் வயோலாவின் வேடமும் வலியில்லாதது அல்ல. ஒலிவியா தன்னைக் காதலிக்கிறாள் என்று தெரிந்த நொடியில், மாறுவேடமே, நீ ஒரு கொடுமை என்று தனியே நொந்துகொள்கிறாள். இந்தச் சிக்கலை அவிழ்க்க என்னால் முடியாது, காலம்தான் அவிழ்க்க வேண்டும் என்று விட்டுவிடுகிறாள்.

மால்வோலியோ மட்டும் ஏன் தண்டிக்கப்பட்டார்?

1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் சட்டக் கழகத்தின் விருந்தில் இந்த நாடகம் நடந்தது. அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த ஜான் மானிங்ஹாம் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதினார். 'மெனெக்மி'யையும் ஓர் இத்தாலிய நாடகத்தையும் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு, காரியஸ்தரைக் கடிதத்தால் ஏமாற்றி, இப்படிச் சிரி, இப்படி உடுத்து என்று ஆட்டிவைத்த சூழ்ச்சியை ரசித்து விவரிக்கிறார். வயோலாவின் ஆண் வேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெண் ஆணாக வருவது பார்த்துப் பழகிய விஷயம். ஒரு காரியஸ்தர் தன்னைக் கனவானாக நினைத்துக்கொண்டு உடுத்தியதுதான் அவர் மனத்தில் நின்றது.

இந்த இரண்டு வேடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நாடகத்தைத் திறக்கும் சாவி என்று நினைக்கிறேன்.

1. வயோலா மேலிருந்து கீழே இறங்குகிறாள். நல்ல குடும்பத்துப் பெண் பணியாளாகிறாள். மால்வோலியோ கீழிருந்து மேலே ஏற ஆசைப்படுகிறார்.
2. வயோலா தன் உடையைத் தானே தேர்ந்தாள். மால்வோலியோவின் மஞ்சள் காலுறையும் காலில் கட்டும் குறுக்குப் பட்டையும் பிறர் எழுதிய கடிதம் சொன்னவை. அது ஒலிவியாவுக்கு அருவருப்பான நிறம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.
3. வயோலா பார்வையாளரிடம் உண்மையைச் சொல்கிறாள். மால்வோலியோ தனக்கே சொல்லவில்லை.

கடிதம் கையில் கிடைப்பதற்கு முன்பே அவர் பகற்கனவில் இருக்கிறார். பூ வேலைப்பாடு செய்த வெல்வெட் அங்கியில், ஒலிவியாவைப் படுக்கையில் உறங்கவிட்டு எழுந்து வந்து, சர் டோபியைக் கூப்பிட்டுக் கண்டிப்பதாக அந்தக் கனவு. வெல்வெட் என்ற சொல்லை அரச ஆணைகளை அறிந்த பார்வையாளர் கேட்டிருப்பார்கள். தன் ஆசைக்கு முன்னுதாரணமாக, ஒரு சீமாட்டி தன் உடைக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரை மணந்த கதையை அவர் எடுத்துக்கொள்வதும் தற்செயல் இல்லை.

மரியா அவரை ஒருவகைத் தூய்மைவாதி என்று சொல்லி, உடனே அதுகூட இல்லை என்று திருத்துகிறாள். வேடத்தையும் கூத்தையும் வெறுக்கும் ஆளுக்கே வேடம் மாட்டிவிடுவது நாடகக்காரர்களின் பழிவாங்கல். ஆனால் அது எல்லை தாண்டுகிறது. பைத்தியம் என்று முத்திரை குத்தி அவரை இருட்டறையில் அடைக்கிறார்கள். ஃபெஸ்டே பாதிரியார் அங்கியும் தாடியும் மாட்டிக்கொண்டு போய், இருட்டே இல்லை, உன் அறியாமைதான் இருட்டு என்று வதைக்கிறான். பிறகு மரியா சொல்கிறாள்: அங்கியும் தாடியும் இல்லாமலேயே இதைச் செய்திருக்கலாமே, அவருக்கு உன்னைத் தெரியவில்லையே. உள்ளே இருப்பவர் குரலை மட்டுமே கேட்கிறார் என்றால் அந்த வேடம் யாருக்காக? நமக்காக, சிரித்துக்கொண்டிருக்கும் பார்வையாளருக்காக. நம் சிரிப்பு தொண்டையில் சிக்கும் இடம் இது.

கீழிருந்து மேலே போனவர் இன்னொருவரும் உண்டு. சூழ்ச்சிக்காரி மரியா இறுதியில் சர் டோபியை மணக்கிறாள். ஆக, ஏறுவதே குற்றம் என்று நாடகம் சொல்லவில்லை. புத்தியால் ஏறியவளை விட்டுவிட்டு, தன் தகுதியால் ஏறுகிறோம் என்று நம்பியவரைப் பிடிக்கிறது. 2017இல் மால்வோலியாவாக ஒரு பெண் நின்றபோது தகுதி வேலியும் பாலின வேலியும் ஒரே ஆள் மேல் விழுந்தன. திணித்தது என்று அதைச் சொல்ல முடியாது. இரண்டு வேலியும் பிரதியிலேயே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

பெண்களே நடித்த நாடுகளில்

இத்தாலியில் 1560களிலிருந்தே தொழில்முறை நடிகைகள் இருந்தார்கள். இசபெல்லா ஆண்ட்ரெய்னி ஐரோப்பா அறிந்த பெயர். ஸ்பெயினில் 1587இல் பெண்கள் நடிக்க அனுமதி கிடைத்தது. அங்கே வேடத்தின் பொருளே மாறிவிடுகிறது. பையனின் கலை பின்னுக்குப் போய், கால்சட்டையில் தெரியும் பெண்ணின் கால் முன்னுக்கு வருகிறது. 1609இல் லோப் டெ வேகா, ஆண் வேடப் பெண்களை மக்கள் மிகவும் ரசிக்கிறார்கள் என்று நாடகம் எழுதுபவர்களுக்குச் சொன்னார். அதிகாரிகள் அந்த வேடத்துக்குத் திரும்பத் திரும்பத் தடை போட்டார்கள். 1615இல் திர்சோ டெ மோலினாவின் நாடகத்தில் டோனியா ஹுவானா பச்சைக் கால்சட்டை மாட்டிக்கொண்டு, தன்னைக் கைவிட்டவனைத் துரத்திப் பிடிக்கிறாள். தடை எவ்வளவு வேலை செய்தது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

கவுன் எங்கே?

ரோசலிண்ட் கடைசியில் பெண் உடையில் திரும்பி வருகிறாள். வயோலா வருவதில்லை. சகோதரனைக் கண்டுபிடித்த பிறகும் தன்னைக் கட்டியணைக்க விடாமல், என் பெண் உடைகள் ஒரு கப்பல் தலைவரிடம் இருக்கின்றன, அவற்றைப் போட்டுக்கொண்டு வந்து வயோலா என்று நிரூபிக்கிறேன் என்கிறாள். அந்தத் தலைவர் சிறையில். அவரைச் சிறையில் போட வழக்குத் தொடுத்தவர் மால்வோலியோ.

மாறுவேடக் கதையும் மடமைக் கதையும் இந்த ஒரு மூட்டைத் துணியில் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. மால்வோலியோவை இருட்டறையிலிருந்து அழைத்து வருகிறார்கள். உண்மை தெரிகிறது. உங்கள் கூட்டம் முழுவதையும் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறுகிறார். பின்னால் போய் அவரைச் சமாதானப்படுத்துங்கள் என்று ஆர்சினோ ஆள் அனுப்புகிறார். கப்பல் தலைவரைப் பற்றி மால்வோலியோ இன்னும் எதுவும் சொல்லவில்லையே என்கிறார். பிறகு தான் மணக்கப்போகும் பெண்ணை, இன்னும் கால்சட்டையில் நிற்பவளை, "செசாரியோ, வா" என்று கூப்பிடுகிறார். நீ ஆணாக இருக்கும்வரை அதுதான் உன் பெயர், வேறு உடையில் உன்னைக் காணும்போது நீ என் ராணி என்கிறார். எல்லாரும் உள்ளே போகிறார்கள். மேடையில் மிஞ்சுவது தினமும் பெய்யும் மழையைப் பற்றிப் பாடும் ஃபெஸ்டே மட்டும். மால்வோலியோவும் திரும்பி வரவில்லை, கவுனும் வரவில்லை.